லண்டன் கால்வாயிலும் தேம்ஸிலும் மோட்டார் படகு ஓட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிழக்கு லண்டனில் லைம்ஹவுஸ் என்றொரு படகுத்துறை இருக்கிறது. அதன் ஒரு பக்கம் 1820இல் திறக்கப்பட்ட ரீஜன்ட்ஸ் கால்வாய், மறுபக்கம் தேம்ஸ் ஆறு. இடையில் ஒரு லாக், அதாவது படகை உள்ளே விட்டுக் கதவடைத்து நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் தொட்டி. கால்வாய்த் தண்ணீர் தெப்பக்குளம் மாதிரி கிடக்கும். ஆறோ கடலோடு சேர்ந்து ஏறி இறங்குவது. லண்டன் பாலத்தருகே ஒரே நாளில் 7 மீட்டர் வரை ஏறி வற்றும், இரண்டு மாடி உயரம். புதிதாக க்ரூஸர், அதாவது அறையோடு கூடிய சிறிய மோட்டார் படகு, வாங்கியவர்கள் படும் பாட்டில் பாதி, கதவுக்கு இந்தப் பக்கம் பழகியதை அந்தப் பக்கமும் செய்வதால் வருவது.

முதலில் கால்வாய். பாலம் நெருங்கியதும் பயந்துபோய் கியரை நியூட்ரலுக்குத் தள்ளுவது எல்லோரும் செய்கிற தவறு. பெரும்பாலான க்ரூஸர்களில் தனியாகச் சுக்கான் கிடையாது. ப்ரொப்பல்லர் தள்ளுகிற திசைதான் சுக்கான். நியூட்ரலில் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் படகு தன் இஷ்டத்துக்குத்தான் போகும். மெதுவாகப் போகலாம், ஆனால் கியரில் இருக்க வேண்டும். மெதுவாகப் போனால் படகின் மூக்கு இடமும் வலமுமாக அலையத்தான் செய்யும். அதை ஒவ்வொரு தடவையும் பெரிதாகத் திருப்பி அடக்கப் பார்த்தால் பாம்பு மாதிரி நெளிந்துகொண்டே போவீர்கள். சின்னதாகத் திருப்பிவிட்டுக் காத்திருங்கள். பழைய பாலங்கள் வளைவானவை என்பதால் நடுவில் தாராளமாக இருக்கும் உயரம் ஓரத்தில் இருக்காது. அங்கே இடிபடுவது கூரையின் மூலைதான்.

வேக வரம்பு மணிக்கு 4 மைல், அதாவது 6.4 கிலோமீட்டர். கரையோரம் வரிசையாகக் கட்டி நிற்கும் படகுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். அவற்றைக் கடக்கும்போது நடையை விடவும் மெதுவாகப் போங்கள். இல்லையென்றால் உங்கள் அலை அவர்கள் கரையில் அடித்த முளையைப் பிடுங்கிவிடும், அடுப்பில் இருப்பதையும் கொட்டிவிடும். திட்டு வாங்கினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

நகரக் கால்வாய் என்றாலே பிளாஸ்டிக் பை. பை ப்ரொப்பல்லரில் சுற்றும், அல்லது எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் துளையை அடைக்கும். கோடையில் பாசியும் சேர்ந்துகொள்ளும். வெப்பமானியைப் பார்க்காமல் ஓட்டினால் எஞ்சின் போய்விடும். புகைக்குழாய் வழியாகத் தண்ணீர் வரும் படகில் அது குறைந்தாலே வடிகட்டியைத் திறந்து பாருங்கள். ப்ரொப்பல்லரில் கை வைக்கும் முன் எஞ்சினை நிறுத்தினால் மட்டும் போதாது, சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்க வேண்டும்.

இந்தக் கால்வாய் நுழைந்து போகும் இஸ்லிங்டன் சுரங்கம் 878 மீட்டர் நீளம். இரண்டு அகலப் படகுகள் எதிரெதிரே போக முடியாது. நல்லவேளை, நேராக வெட்டியிருக்கிறார்கள். உள்ளே எதிர்ப்படகின் விளக்கு எதுவும் வரவில்லை என்று பார்த்துவிட்டு நுழையலாம்.

லாக்கில் நான் செய்த தவறு இது. கால்வாயில் கேம்டன் பகுதியிலிருந்து இறங்கும்போது கயிற்றைப் படகில் இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு மேலே ஏறி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் இறங்கியது, படகு இறங்கவில்லை. ஒருபக்கமாகச் சாய்ந்து தொங்க ஆரம்பித்தது. மதகு திறந்துகொண்டிருந்தவர் ஓடிப்போய் மூடியதால் தப்பித்தேன். லாக்கில் கயிற்றைக் கட்டவே கூடாது. கரையிலிருக்கும் கட்டையில் ஒரு சுற்று சுற்றி முனையைக் கையில் பிடித்து, இறங்க இறங்க விட்டுக்கொடுக்க வேண்டும். ஏறும்போது வேறு சிக்கல். மேல் மதகை ஒரேயடியாகத் திறந்தால் லேசான ஃபைபர் படகு பந்து மாதிரி மோதும். கொஞ்சம் திறந்து, நிதானித்து, அப்புறம் மீதி. பல டன் எடையுள்ள இரும்பு நாரோபோட்டோடு (ஒடுக்கமான நீளக் கால்வாய்ப் படகு) லாக்கைப் பகிர நேர்ந்தால் அதை முதலில் உள்ளே விடுங்கள். மழைக்குப் பயந்து தார்ப்பாயை மூடிக்கொண்டு பெட்ரோல் எஞ்சினை ஓடவிட்டு நிற்பதும் ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தங்கும் அறையுள்ள படகுகளில் அதற்கான அலாரம் 2019 முதல் கட்டாயம்.

சரி, ஆற்றுக்கு வருவோம். நகர நடுவில் நீரோட்டம் 3, 4 நாட் இருக்கும். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.85 கிலோமீட்டர். 5 நாட் ஓட்டுகிற படகு ஏற்றத்தோடு போனால் 8 நாட்டில் பாலத்தை நோக்கிப் பாயும். ஏற்றத்துக்கு எதிரே போனால் 2 நாட்டில் ஊர்ந்து டீசலைக் குடிக்கும். அதனால் லைம்ஹவுஸிலிருந்து மேற்கே போகிறவர்கள் தண்ணீர் ஏறும் நேரம் பார்த்துக் கிளம்புவார்கள். வீட்டில் சாப்பிட்டுவிட்டு வசதிப்பட்ட நேரத்துக்குக் கிளம்ப இது கால்வாய் இல்லை.

ஆற்றிலிருந்து லாக்குக்குள் நுழைய, ஓட்டத்தோடு வந்து அதன் வாயை நேராகக் குறிவைப்பது அநேகமாக எல்லோரும் ஒருமுறையாவது செய்வது. திரும்பத் தொடங்கும்போதே ஆறு உங்களை அதற்கப்பால் கொண்டுபோயிருக்கும், அல்லது பக்கச்சுவரில் சாத்தியிருக்கும். வாயைக் கடந்து போய், மூக்கை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பி, எஞ்சினால் ஓட்டத்தைச் சமன்செய்துகொண்டு பக்கவாட்டில் நகர்ந்து வாருங்கள். நீரோட்டமே உங்களுக்கு பிரேக்.

ஆற்றில் வலதுபுறமாகப் போக வேண்டும். தலைகீழ் முக்கோணமாக மூன்று சிவப்பு வட்டுகள் தொங்கும் பால வளைவு மூடப்பட்டது. வைக்கோல் கட்டு தொங்கினால் அந்த வளைவின் உயரம் வேலைக்காகக் குறைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். 2023இல் மில்லேனியம் பாலத்தில்கூடத் தொங்கவிட்டார்கள். நம் ஊர்க் கட்டட வேலைகளில் தொங்கும் திருஷ்டி பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள்.

பெரிய கப்பல்காரர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று நம்புவதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு. 1989 ஆகஸ்டில் மார்ஷனஸ் என்ற உல்லாசப் படகை போபெல் என்ற மணல்வாரிக் கப்பல் இரவில் மோதி, 51 பேர் இறந்தார்கள். இருவர் கண்ணிலும் மற்றவர் சரியாகப் படவில்லை. தேம்ஸுக்கென்று 2002இல் உயிர்காப்புப் படகு நிலையங்கள் வந்ததன் பின்னணி அதுதான். 13.7 மீட்டருக்குக் குறைந்த படகுக்கு விஎச்எஃப் ரேடியோ கட்டாயமில்லை. நான் இருந்தால் வாங்குவேன். 14ஆம் சேனலில் காதை வைத்தால் எது எங்கே வருகிறது என்று தெரியும். நங்கூரத்தை மற்ற சாமான்களுக்கு அடியில் புதைக்காதீர்கள். எஞ்சின் நின்றால், கட்டி நிற்கும் பார்ஜ் என்ற சரக்குப் படகின் அடியில் நீரோட்டம் உங்களைச் செருகும் முன் அது ஒன்றுதான் கைகொடுக்கும்.

டெடிங்டனோடு ஏற்றவற்றம் முடிகிறது. அதற்கு மேலே ஆறு வேறு நிர்வாகத்தின் கையில் இருக்கிறது, கால்வாய் லைசன்ஸ் அங்கே செல்லாது. இரண்டுக்கும் சேர்த்து கோல்டு லைசன்ஸ் என்று ஒன்று உண்டு. கிளம்பும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.