கிடைக்குமா என்று கேட்காதீர்கள்: எய்ம்ஸ், ஜிப்மர் சாய்ஸ் ஃபில்லிங்கில் செய்யும் தவறுகள்

நீட் கவுன்சலிங் தொடங்கிய வாரம், திருநெல்வேலியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் லேப்டாப்பில் சாய்ஸ் ஃபில்லிங், அதாவது வேண்டிய கல்லூரிகளை விருப்ப வரிசையில் பதிவு செய்யும் வேலை, செய்துகொண்டிருந்தாள். முதலிடத்தில் உள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி. ஜிப்மர் பட்டியலிலேயே இல்லை.

"ஏம்மா, புதுச்சேரி பிடிக்கலையா?"

"பிடிக்கும் மாமா. என் ரேங்குக்குக் கிடைக்காது. எதுக்கு ஒரு சாய்ஸை வீணாக்கணும்?"

நான் பார்த்தவரை அதிகம் பேர் செய்யும் தவறு இதுதான். அகில இந்தியக் கவுன்சலிங்கில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம், வீணாவதற்கு ஒன்றுமில்லை. ரேங்க் வரிசைப்படி கணினி ஒவ்வொருவராக எடுக்கும். உங்கள் முறை வரும்போது உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவில் காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிடும். ரேஷன் கடையில் உங்கள் முறை வந்ததும் பருப்பு இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். இல்லை என்றால் சர்க்கரை கேட்கிறீர்கள். பருப்பைக் கேட்ட குற்றத்துக்காக யாரும் உங்களை வரிசையின் கடைசிக்கு அனுப்புவதில்லை. ஜிப்மரை மேலே போட்டு அது கிடைக்காமல் போனாலும், அடுத்த கல்லூரிக்கான வாய்ப்பு இம்மியும் குறையாது. மாறாக, உள்ளூர்க் கல்லூரியை முதலில் போட்டால் கணினி அதோடு நின்றுவிடும். கீழே எய்ம்ஸே காலியாக இருந்தாலும் அது எட்டிப் பார்க்காது.

ஆகவே 'கிடைக்குமா?' என்ற கேள்வியை ரேங்க்கிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் பதில் சொல்ல வேண்டியது 'கிடைத்தால் போவேனா?' என்பதற்கு மட்டும். இது லேசான கேள்வி அல்ல. வீட்டில் யாரும் இதை உட்கார்ந்து பேசுவதில்லை.

பேசாததன் விலை இரண்டாம் சுற்றில் தெரியும். முதல் சுற்றில் ஒரு கல்லூரியில் சேர்ந்துவிட்டு 'அப்கிரேடு வேண்டும்' என்று கொடுத்தால், மேலே போட்ட கல்லூரி கிடைத்த நொடியில் பழைய இடம் போய்விடும். அது அடுத்தவருக்குப் போனது போனதுதான். "சும்மா போட்டு வைப்போம், வந்தா பாத்துக்கலாம்" என்று வடக்கே தொலைதூர எய்ம்ஸ் ஒன்றை மேலே வைத்துவிட்டு, அது வந்ததும் இங்கே வீடே இழவு விழுந்தது போல உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். முதல் சுற்றில் கிடைத்த இடத்தை நஷ்டமில்லாமல் விடலாம். இரண்டாம் சுற்றில் விட்டால் வைப்புத்தொகை போகும். மிச்சமிருக்கும் இடங்களை நிரப்பும் கடைசி ஸ்ட்ரே சுற்றில் கிடைத்தும் சேராமல் போனால், அடுத்த ஆண்டு நீட் எழுதவே தடை என்பது வரை விதி இருக்கிறது. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அந்த வருடக் கையேட்டைப் படித்துவிடுங்கள்.

அடுத்தது மதிப்பெண் மயக்கம். "போன வருஷம் பக்கத்து வீட்டுப் பையன் 650 எடுத்தும் கிடைக்கல" என்பார்கள். 2024-ல் 650 எடுத்தவருக்கு முன்னால் இருபதாயிரம் பேருக்கு மேல் நின்றார்கள். 2025-ல் வினாத்தாள் கடினம். நாட்டிலேயே முதல் மதிப்பெண் 686தான், 650-ஐத் தாண்டியவர்கள் நூறு பேர்கூட இல்லை. ஆக, 650 என்ற எண்ணுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது. ரேங்கைப் பாருங்கள். ரேங்கிலும் உங்கள் பிரிவின் கடைசி ரேங்கை, அதுவும் கடைசிச் சுற்றில் எங்கே முடிந்தது என்று பாருங்கள். முதல் சுற்றுக் கட் ஆஃபை மட்டும் பார்த்து மனம் விட்டவர்கள் ஏராளம்.

பெயர்ப் பலகையை நம்புவதும் ஒரு தவறு. டெல்லி எய்ம்ஸ் 1956-ல் தொடங்கியது, பொதுப் பிரிவில் முதல் ஐம்பது, அறுபது ரேங்குக்குள் முடிந்துவிடும். மதுரை எய்ம்ஸும் எய்ம்ஸ்தான். ஆனால் அதன் முதல் அணி 50 பேரும் வகுப்பைத் தொடங்கியது ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில். மதுரைக்கு அருகே தோப்பூரில் சொந்தக் கட்டடம் அப்போது இல்லை. 1835-ல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் பக்கத்திலேயே, நாள் முழுக்க நோயாளிகள் வந்துகொண்டே இருக்கும் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது. மருத்துவம் படிப்பவனுக்கு நோயாளிதான் பாடப்புத்தகம். என்னைக் கேட்டால் புதிய எய்ம்ஸைவிடப் பழைய அரசுக் கல்லூரியைத்தான் மேலே போடுவேன். இதில் என்னோடு சண்டை போடுகிறவர்களும் உண்டு.

தனியாக விண்ணப்பிக்க வேண்டிய கல்லூரிகளின் கதை வேறு. வேலூர் சிஎம்சியில் 100 இடங்கள். நீட் ரேங்க் எவ்வளவு நன்றாக இருந்தாலும், கல்லூரிக்கென்று உள்ள விண்ணப்பத்தை அதன் கெடுவுக்குள் போட்டிருக்க வேண்டும். பெரும்பாலான இடங்கள் திருச்சபைகளின் பரிந்துரையோடு வருபவர்களுக்கு. படித்து முடித்ததும் அவர்கள் மிஷன் மருத்துவமனைகளில் 2 ஆண்டு பணி செய்ய வேண்டும். கட்டணம் குறைவு என்பது மட்டும் காதில் விழுகிறது, இந்த 2 ஆண்டு விழுவதில்லை. புனே இராணுவ மருத்துவக் கல்லூரிக்கு நீட் தவிர, ஆங்கிலமும் தர்க்கமும் சோதிக்கும் தேர்வு, நேர்காணல், உடல் தகுதிப் பரிசோதனை எல்லாம் உண்டு. முடித்தபின் சீருடை போட்டாக வேண்டும். இங்கெல்லாம் 'கிடைத்தால் போவேனா' என்பதை விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

நம் ஊர்க்காரர்கள் தனியாகத் தடுக்கி விழும் இடம் சான்றிதழ். மாநில ஒதுக்கீட்டில் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் போதும். அகில இந்திய ஒதுக்கீட்டில் அது செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் (பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்தவர்) இல்லை என்ற ஓபிசி சான்றிதழ், அந்த நிதியாண்டில் வாங்கியது வேண்டும். வருமான வரம்பு 8 லட்சம் என்றதும் சம்பளத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு "நமக்குக் கிடையாது" என்று ஒதுங்குகிறார்கள். சம்பளமும் விவசாய வருமானமும் அந்தக் கணக்கில் சேராது, அரசு வேலையென்றால் பெற்றோரின் பதவி நிலையைத் தனியாகப் பார்ப்பார்கள். தாலுகா அலுவலகத்தில் கோப்பு நகர நாளாகும். மகள் நீட் எழுதிய மறுவாரமே அக்கா வீட்டுக்காரர் இ-சேவை மையத்துக்குப் போய் விண்ணப்பித்துவிட்டதால் அன்று ராத்திரி எங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை.

பட்டியலை முழுக்க அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டோம். ஒவ்வொரு கல்லூரிக்கும் "வந்தா போவியா?" என்று அக்கா கேட்டாள். போபால் எய்ம்ஸ் வந்தபோது அக்காவே "வேண்டாம்" என்றாள், மகள் "போவேன்" என்றாள். பத்து நிமிடச் சண்டைக்குப் பிறகு போபால் நின்றது. ஜிப்மர் மேலே ஏறியது. திருநெல்வேலி ஒன்பதாவதாக இறங்கியது. லாக் செய்யும்போது மணி பன்னிரண்டரை.

ஜிப்மர் கிடைக்கவில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி கிடைத்தது. அந்த ராத்திரிக்கு முன் ஸ்டான்லி அவள் பட்டியலில் திருநெல்வேலிக்குக் கீழே இருந்தது.