ஆன்லைன்ல வத்தல் விக்க 42 பக்கம் பிளான், எங்கெல்லாம் சறுக்குதுன்னா

போன மாசம் எங்க அக்கா மவன் கூட குமரி மாவட்டம் மார்த்தாண்டத்துல ஒரு பேங்குக்கு போயிருந்தேன், ஆன்லைன்ல ஏத்தங்கா வத்தல், அதாவது நேந்திரம் சிப்ஸ், விக்க லோன் கேட்டு. 42 பக்கத்துக்கு பிராஜெக்ட் ரிப்போர்ட், ஸ்பைரல் பைண்டிங், அட்டையில கலர்ல வாழக்குலை படம். மேனேஜர் ஒரு பக்கத்த கூட பொரட்டல, "தம்பி, மாசம் எத்தன பாக்கெட் வித்தா உனக்கு கைய கடிக்காது?"ன்னு கேட்டாரு. பய என்னப் பாக்கான், நான் மேல ஃபேனப் பாக்கேன். ஒரு வாரம் கழிச்சு வாங்கன்னு அனுப்பிட்டாரு.

வீட்டுக்கு வந்து படிச்சா 17ஆம் பக்கத்துல கோயம்புத்தூரோட தொழில் வளம் பத்தி ஒரு பாரா கெடக்கு. 3,000 ரூபா வாங்கிட்டு எழுதிக் குடுத்த ஆளு வேற யாருக்கோ எழுதுனத பேர மாத்தி குடுத்திருக்காரு. சரி, அவரச் சொல்லி என்ன பிரயோஜனம், நானும் நாலு வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒண்ண நம்பி வெப்சைட்டுக்கு மட்டும் 60,000 போட்டு, ஒன்னரை வருஷத்துல ஷட்டர இறக்குனவன்தான். அதனால இந்த ரிப்போர்ட்ட வச்சே எங்க எங்க தப்புன்னு சொல்லுறேன், வேற சாமான் விக்கப் போறவங்களுக்கும் முக்காவாசி பொருந்தும்.

மொதல்ல ஒண்ணு. ஃபீசிபிலிட்டி ரிப்போர்ட் வேற, பிசினஸ் பிளான் வேற. மொதல்ல சொன்னது "இத செய்யலாமா வேண்டாமா", அதுக்கு வேண்டாம்னும் பதில் வரலாம். ரெண்டாவது "சரி செய்யலாம்னு ஆச்சு, எப்படி செய்யப் போறோம், துட்டு எங்கேருந்து வரும், எப்ப திரும்பும்". நம்ம ஆளுங்க என்ன பண்ணுறாங்கன்னா 10 லட்சம் லோன் வேணும்னு மொதல்லயே முடிவு பண்ணிட்டு அதுக்கு ஏத்த மாதிரி விற்பனைய பின்னாலேருந்து எழுதிட்டு வர்றாங்க, கடைசியில "இத்தொழில் லாபகரமானது"ன்னு ஒரு வரி. கல்யாணம் முடிஞ்சப்புறம் ஜாதகம் பாக்குற கதைதான்.

ரிப்போர்ட்டுல மார்க்கெட் சர்வேன்னு ஒரு பக்கம், 65 பேர கேட்டானாம், 61 பேர் வாங்குவோம்னு சொன்னாங்களாம். யாருலே அந்த 65ன்னு கேட்டா குடும்ப வாட்ஸ்அப் குரூப்பு. எங்க ஊருல இது ஒரு பெரிய வம்பு, 1956ல மாநிலத்துக்கு கோடு போட்டு தமிழ்நாட்டுப் பக்கம் வந்துட்டோமே தவிர சொந்தக்காரங்க பாதி பேரு கேரளாவுல பாறசாலையிலயும் நெய்யாற்றின்கரையிலயும்தான் இருக்காங்க, அதனால "கேரளா மார்க்கெட் நமக்கு கையில இருக்கு மாமா"ன்னு பயலுக்கு ஒரு தெம்பு. சித்தி "கொள்ளாம் மக்களே"ன்னு (நல்லா இருக்குன்னு) மெசேஜ் போடும், ஆனா பாக்கெட்டுக்கு பைசா குடுக்குமான்னா குடுக்காது, வீட்டுக்கு வரும்போது ரெண்டு கொண்டா மக்கான்னு சொல்லும். மொகம் தெரியாத ஆளு முன்கூட்டியே துட்டு அனுப்புனாதான் அது சர்வே.

இதுல இன்னொரு கூத்து, கேரளாவுக்கு போயி ஏத்தங்கா விக்குறது. கொல்லன் தெருவுல ஊசி விக்குற மாதிரி. திருவனந்தபுரத்துல முக்குக்கு முக்கு கண்ணு முன்னாடியே பொரிச்சு சூடா பொட்டணம் கட்டிக் குடுக்குறான், அவன் எதுக்கு அஞ்சு நாள் காத்திருந்து நம்மகிட்ட வாங்கணும்? போட்டியாளர்கள்ங்கற எடத்துல ரிப்போர்ட்டுல மூணு பெரிய பிராண்டு பேரு இருக்கே தவிர இந்த முக்குக்கடைய காணோம்.

அடுத்தது அந்த ஒரு சதவீதம். நீங்க எந்த பிளான எடுத்தாலும் இது இருக்கும். 2011 சென்சஸ்படி கேரளாவுல 3.34 கோடி பேரு, அதுல ஒரே ஒரு சதவீதம் ஆளு வருஷத்துக்கு ஒரு அரைக்கிலோ பாக்கெட் வாங்குனா போதும்னு எழுதியிருக்கு. கேக்க சின்னதா தெரியும். 3.34 லட்சம் பாக்கெட், அதாவது 1,67,000 கிலோ. நம்ம வீட்டு பின்னாடி இருக்குற ரெண்டு உருளியில ஒரு நாளைக்கு 40 கிலோ பொரிக்கலாம், அக்காவும் கூலிக்கு வர்ற ரெண்டு பொம்பளைங்களும் நிமிரவே நிமிராம செஞ்சா. அப்ப ஒரு வருஷ ஆர்டர பொரிச்சு முடிக்க 11 வருஷத்துக்கு மேல ஆகும். மேலேருந்து கீழ கணக்கு போடாதீங்க, உருளியிலேருந்து மேல போங்க.

இப்ப மெயின் மேட்டருக்கு வர்றேன், ஒரு ஆர்டருக்கு என்ன மிஞ்சும்ங்கறது. இத எழுதாத பிளான் 42 பக்கம் இல்ல 420 பக்கம் இருந்தாலும் ஒண்ணுக்கும் ஆகாது. எங்க அடுப்புல ஒரு கிலோ வத்தலுக்கு தோலோட மூணரை கிலோ காய் வேணும், கிலோ 40 ரூபான்னு வச்சா 140. தேங்காண்ணெய் 300 மில்லி குடிக்கும், ரிப்போர்ட்டுல லிட்டர் 250ன்னு போட்டிருக்கான், அது 75. கேஸ், கூலி 40. பவுச்சும் அட்டப்பெட்டியும் 35. ஆக 290. விக்குறது 450க்கு, அதனால 160 லாபம்னு ரிப்போர்ட்டு நின்னு போச்சு. கூரியருக்கு ஒரு கிலோ ரேட்ட போட்டு 60 ரூபா தனியா எங்கயோ ஒரு மூலையில இருக்கு.

கூரியர்காரன் தராசுல மட்டும் நிறுக்க மாட்டான். பெட்டியோட நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி 5,000ஆல வகுப்பான், எது கூடுதலோ அதுக்குதான் பில்லு. வத்தல் நொறுங்காம இருக்க பவுச்சுல காத்து நிக்கணும், ரெண்டு அரைக்கிலோ பவுச்ச வைக்க 30க்கு 22க்கு 15 பெட்டி வேணும், பெருக்குனா 9,900, வகுத்தா 1.98. ஒரு கிலோ சரக்குக்கு ரெண்டு கிலோ காசு. சில கூரியர் இன்னும் சின்ன நம்பரால வகுப்பான், அப்ப இன்னும் ஏறும். எங்களுக்கு வந்தது 110 ரூபா. பெட்டிய சின்னதாக்கி ஒரு தடவ அமுக்கி அனுப்பிப் பாத்தேன், பெங்களூர்ல போய் சேந்தது வத்தல் இல்ல, அவல் மாதிரி ஒரு பொடி.

அப்ப 290 கூட 110, 400 ஆச்சு. பேமென்ட் கேட்வே, அதாவது ஆன்லைன்ல துட்டு வாங்கித் தர்றவன், ரெண்டு சதவீதம் எடுத்தா 9. விளம்பரம் போட்டு ஒரு ஆர்டர் புடிக்க எனக்கு அப்பவே 80 ரூபா கிட்ட ஆச்சு. மொத்தம் 489. 450க்கு வித்தா ஒவ்வொரு பெட்டிக்கும் 39 ரூபா நாமளே கூட குடுத்து அனுப்புறோம். நெறய வித்தா சரியாயிடும்னு சொல்லுவாங்க, நெறய வித்தா நெறய நட்டம், அவ்வளவுதான்.

கேஷ் ஆன் டெலிவரி (சிஓடி) இன்னும் மோசம். 100 பெட்டி போகுதுன்னு வைங்க, 20 பேரு "ஆளு வீட்டுல இல்ல", "நான் ஆர்டரே போடல"ன்னு திருப்புறாங்க. போக 110, திரும்பி வர ஒரு 90, ஆக பெட்டிக்கு 200. வத்தலும் பதினஞ்சு நாள் வேன்லயும் குடோன்லயும் சுத்திட்டு காறல் வாசனையோட வரும், மறுபடி விக்க முடியாது, அந்த 290ம் போச்சு. 20 பெட்டிக்கு 9,800 ரூபா, அத வாங்குன 80 பேரு தலையில பிரிச்சா ஆளுக்கு 120க்கு மேல. பயலோட ரிப்போர்ட்டுல ரிட்டர்ன்னு ஒரு வரியே கிடையாது.

விலை அப்படியே நிக்கும்னு எழுதுறதும் தப்பு. அஞ்சு வருஷத்துக்கும் தேங்காண்ணெய் 250ன்னு போட்டா எப்படி? 2025 நடுவுல லிட்டர் 400ஐ தாண்டுனத நாம எல்லாரும் பாத்தோமே, அந்த ரேட்டுல கிலோவுக்கு இன்னொரு 45 ரூபா ஏறும், 39 நட்டம் 84 ஆகும். ஏத்தங்காயும் அப்படித்தான், ஓணத்துக்கு மூணு வாரம் இருக்கும்போது மார்த்தாண்டம் சந்தையில அது நம்ம பேச்ச கேக்காது. வரி கூட மாறும், பாக்கெட் நம்கீன் (உப்பு, காரம் போட்ட நொறுக்குத்தீனி) வகைக்கு 12 சதவீதம் இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22லேருந்து 5 ஆச்சு, பழைய ரிப்போர்ட்ட காப்பி அடிச்சவனுக்கு அது தெரியாது. அதனால ஒரே கணக்க மூணு விதமா போடுங்க, இப்ப உள்ள விலை, விலை காலே அரைக்கால் பங்கு (நூத்துக்கு 37 கிட்ட) கூடுனா, அப்புறம் விற்பனை பாதியானா. மூணாவதுல எத்தன மாசம் தாங்குவோம்னு பாருங்க.

ஜிஎஸ்டின்னு சொன்னதும் பார்டர்காரங்க கண்டிப்பா மாட்டுற எடம் ஒண்ணு இருக்கு. ரிப்போர்ட்டுல "ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்கு கீழ் இருப்பதால் பதிவு தேவையில்லை"ன்னு இருக்கு. தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் சரக்கு விக்குறவனுக்கு அது சரி. ஆனா வரி உள்ள சரக்கு ஒரு பாக்கெட் ஸ்டேட் தாண்டுனாலும் ரெஜிஸ்ட்ரேஷன் எடுத்தே ஆகணும், விற்பனை எவ்வளவுன்னு கணக்கே கிடையாது. களியக்காவிளையிலேருந்து கூப்பிடு தூரத்துல இருக்குற பாறசாலைக்கு அனுப்புனா அது வெளி மாநிலம், ஐஜிஎஸ்டி. 700 கிலோமீட்டர் தள்ளி இருக்குற சென்னைக்கு அனுப்புனா உள்ளூரு. கேக்க கிறுக்குத்தனமா இருக்கும், ஆனா சட்டம் அப்படித்தான். சரி காம்போசிஷன்ல (சின்ன வியாபாரிங்களுக்கு உள்ள லேசான ஜிஎஸ்டி முறை) போவோம், ரிட்டர்ன் ஃபைலிங் கம்மின்னு நினைச்சா, காம்போசிஷன்ல இருக்குறவன் வெளி மாநிலத்துக்கு விக்கவே கூடாது. பெரிய ஆன்லைன் மார்க்கெட்பிளேஸ் வழியா தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் விக்குற சின்ன வியாபாரிங்களுக்கு 2023 அக்டோபர்லேருந்து ஒரு சலுகை இருக்கு, என்ரோல்மென்ட் நம்பர் எடுத்தா போதும், ஆனா நம்ம பய பிளான்ல முக்காவாசி கஸ்டமர் கேரளாவுல! மாசா மாசம் ஆடிட்டர் ஃபீஸ் எவ்வளவுன்னும் சேர்த்து எழுதணும், அதுவும் இல்ல. லேபிள்ல எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) லைசென்ஸ் நம்பர், எடை, எம்ஆர்பி, தயாரிச்ச தேதி எல்லாம் வேணும்ங்கறது தெரிஞ்சதுதான், அதுக்கு மேல சொல்லல.

பேரு விஷயம் ஒண்ணு சொல்லணும், இது நான் அடிபட்டு தெரிஞ்சுகிட்டது. நாம நாகர்கோவில் பக்கம் வத்தல்னுதான் சொல்லுவோம், அங்க திருவனந்தபுரத்துல உப்பேரி, சென்னைக்காரனுக்கு நேந்திரம் சிப்ஸ். நான் வெப்சைட்டுல பெருசா வத்தல்னு போட்டுட்டு உக்காந்திருந்தேன். தாம்பரத்துலேருந்து ஒரு அம்மா போன் பண்ணுனாங்க, "ஏங்க, வத்தல்னு போட்டிருக்கீங்க, இது ஏற்கனவே பொரிச்சு வந்திருக்கே, நாங்க மோர்க்குழம்புக்கு வச்சு பொரிக்கலாம்னு வாங்குனோம்"னு. துட்ட திருப்பி குடுத்தேன். யாரு வாங்குவான்னு மட்டும் எழுதுனா போதாது, அவன் என்ன சொல்லி தேடுவான்னும் பிளான்ல எழுதணும்.

லாபமும் கையில இருக்குற துட்டும் ஒண்ணுன்னு நினைக்கறதுலதான் நான் ஷட்டர இறக்குனேன், உண்மையச் சொன்னா. வருஷக் கணக்குல லாபம்தான். ஆனா ஓணத்துக்கு முந்தின மாசம் காய்க்கடைக்காரருக்கு காலையிலயே ரொக்கம் குடுக்கணும், எண்ணெய்க்கு ரொக்கம், கூலி சனிக்கிழம. ஆன்லைன்காரன் செட்டில்மென்ட் போட பத்து நாளு, சிஓடி பணம் அதுக்கும் மேல. நடுவுல உள்ள அந்த ஓட்டைய வட்டிக்கு வாங்கி அடைச்சேன். அதனால மாசா மாசம், முடிஞ்சா ஓணம் நேரத்துல வாரா வாரம், என்ன வரும் என்ன போகும்னு ஒரு நோட்டுல போடுங்க. அதே நோட்டுல 2018ஐயும் நினைச்சுக்கிடுங்க, ஆகஸ்ட் நடுவுல வெள்ளம், 25ஆம் தேதி திருவோணம், அந்த வருஷம் அரசாங்கமே கொண்டாட்டத்த நிறுத்திட்டாங்க, ஓணத்த நம்பி பொரிச்சு வச்சவன் கதி என்ன ஆயிருக்கும்.

மானியத்த வருமானமா எழுதுறவங்க இருக்காங்க. பிஎம்இஜிபில (மத்திய அரசோட சுயதொழில் லோன் திட்டம்) கிராமப்புறத்துக்கு 25லேருந்து 35 சதவீதம் வரைக்கும் கிடைக்கும், சரிதான், ஆனா அது நம்ம கைக்கு வராது, மூணு வருஷம் பேங்குல டெபாசிட்டா கெடக்கும், அப்புறம்தான் லோன்ல கழியும். அத வச்சு மெஷின் வாங்கலாம்னு பய எழுதியிருக்கான்.

அப்புறம் எங்க அக்கா. காலையில நாலு மணிக்கு எந்திச்சு காய் சீவுறது அது. விரல்ல கறை போகாது. கூலிக் கணக்குல ரெண்டு பொம்பளைங்க பேரு இருக்கு, அக்கா பேரு இல்ல. "அம்மைக்கு எதுக்கு மாமா சம்பளம்"ங்கான். பயலுக்கும் சம்பளம் போடல, வாடகையும் போடல, சொந்த எடமாம். இதெல்லாம் போட்டா கணக்கு ஒத்து வராதுன்னு தெரிஞ்சுதான் போடாம விட்டிருக்கான்னு எனக்கு ஒரு சந்தேகம்.

இந்த ஒரு வாரத்துல நாங்க என்ன செஞ்சோம்னா ரிப்போர்ட்ட ஓரமா வச்சிட்டு 30 பாக்கெட் போட்டோம். சொந்தக்காரங்களுக்கு கிடையாது, சிஓடி கிடையாது, துட்டு முன்னாடி, கூரியர் சார்ஜையும் சேர்த்து அரைக்கிலோ 320 ரூபா. பெங்களூர், சென்னையில வேலைக்கு போயிருக்குற நம்ம ஊருக்காரங்க இருக்குற ரெண்டு மூணு குரூப்ல மட்டும் போட்டான், கேரளாவுக்கு போடல. பெங்களூர்லேருந்தும் நாலஞ்சு பேரு கேட்டாங்க, ஜிஎஸ்டி எடுக்காம பார்டர் தாண்ட வேண்டாம்னு நிறுத்தி வச்சிருக்கோம், சென்னைக்கு மட்டும்தான் அனுப்புனது. 11 போச்சு. அதுல நாலு பேரு மறுபடி கேட்டிருக்காங்க, ஒருத்தரு கருப்பட்டி போட்ட சர்க்கரவரட்டி இருக்கான்னு கேட்டாரு.

நேத்து பய வந்து ரெண்டு பக்கத்துல கையால எழுதுன கணக்க காட்டுனான். அம்மை சம்பளம் 9,000ன்னு மொத வரியிலயே இருந்துச்சு. பேங்குக்கு இப்ப போகல, ரெண்டு மாசம் தள்ளி வச்சிருக்கான்.