டெல்லி ஆபீஸில் சங்கம் தொடங்கி அங்கீகாரம் வாங்குவது எப்படி

மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி பரீட்சை எழுதி டெல்லிக்கு வேலைக்கு வரும் நம் பிள்ளைகள் என்னிடம் இரண்டு விஷயம்தான் கேட்பார்கள். குவார்ட்டர்ஸ் எப்போது கிடைக்கும்? "ஆன்ட்டி, நாங்களே ஒரு சங்கம் ஆரம்பிக்கலாமா?" முதலாவதற்கு எனக்குப் பதில் தெரியாது. இரண்டாவதற்குத் தெரியும். ஸ்டெனோவாகச் சேர்ந்தவள் நான். பொருளாளர், செயலாளர் என்று சங்க வேலை பார்த்துத்தான் ஓய்வு பெற்றேன்.

சங்கம் அமைக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். அரசியல் சாசனத்தின் 19வது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. ஆனால் நிர்வாகம் உங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச வேண்டுமென்றால் அங்கீகாரம் வேண்டும். அமைச்சக, துறை ஊழியர்களுக்கு அதற்கான சட்டப் புத்தகம் 1993 நவம்பரில் வந்த விதிகள். ஊழியர் சங்கங்களுக்கு அங்கீகாரம் தருவது பற்றியவை அவை, ஆபீஸில் ஆர்.எஸ்.ஏ ரூல்ஸ் என்பார்கள். அச்செடுத்தால் சில பக்கம்தான், முதலில் அதைப் படியுங்கள். ரயில்வே தொழிலாளர்களுக்கு வழி வேறு. அங்கே ரகசிய வாக்கெடுப்பு, கடைசியாக 2024 டிசம்பரில் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே.புரம் மலை மந்திரில் சாமி கும்பிட்டுவிட்டு, வெளியே நின்று நம் ஆட்களை மட்டும் வைத்துச் சங்கம் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நடக்காது. ஒரு குறிப்பிட்ட பிரிவு ஊழியர்களுக்கான சங்கமென்றால் அந்தப் பிரிவில் இருக்கும் எல்லோருமே சேரத் தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும். ஹரியானாக்காரர், பீகார்காரர் எல்லோரையும் சேர்த்துத்தான். சாதி, மத அடிப்படையில் இருக்கவே கூடாது. உறுப்பினரும் நிர்வாகியும் பணியில் இருப்பவராகத்தான் இருக்க வேண்டும். அதனால்தான் நானும் இப்போது காபி போட்டுக் கொடுத்து யோசனை சொல்வதோடு சரி.

அப்புறம் எண்ணிக்கை. உங்கள் பிரிவில் மொத்தம் எத்தனை பேரோ அதில் 35 சதவீதம் பேர் உங்கள் சங்கத்தில் இருக்க வேண்டும். ஏற்கெனவே ஒரே ஒரு சங்கம்தான் 35ஐத் தாண்டியிருக்கிறது, நீங்கள் அதற்கு அடுத்த இடம் என்றால், 15 சதவீதம் இருந்தாலும் அங்கீகாரம் தரலாம். ஆகவே உறுப்பினர் சேர்ப்பதற்கு முன்னால் மொத்தம் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ளுங்கள். சீனியாரிட்டி லிஸ்ட் பெரும்பாலும் துறை இணையதளத்திலேயே கிடக்கும். கிடைக்காவிட்டால் 10 ரூபாய் கட்டி ஆர்.டி.ஐ போடுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். 400 பேர் என்றால் 140 தேவை. 140 சேர்ந்ததும் நிறுத்திவிடாதீர்கள். பிரமோஷன் கிடைத்து அடுத்த பிரிவுக்குப் போகிறவரின் உறுப்பினர் தகுதி தானாகவே போய்விடும். ரிட்டயர் ஆகிறவர்களும் உண்டு. 170 வரை போனால் நிம்மதியாகத் தூங்கலாம்.

இந்த 140 பேரை ரசீதுப் புத்தகத்தைக் காட்டி நிரூபிக்க முடியாது. தர்ணாவில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்பதும் கணக்கில் வராது. செக்-ஆஃப் முறைதான். 'என் சம்பளத்திலிருந்து இந்தச் சங்கத்துக்குச் சந்தா பிடித்துக்கொள்ளலாம்' என்று ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்ட படிவம் டி.டி.ஓவிடம், அதாவது சம்பளப் பட்டியல் போடும் அதிகாரியிடம் போக வேண்டும். உங்கள் பலம் சம்பளப் பட்டியலில்தான் எண்ணப்படுகிறது. மதிய இடைவேளையில் டீயும் சமோசாவுமாக எல்லோரும் ஓர் இடத்தில் இருக்கும்போது படிவத்தை நீட்டுங்கள். "சம்பளச் சீட்டில் தெரியுமே, மேடம்ஜி" என்று தயங்குவார்கள். தெரியத்தான் செய்யும், மறைத்துப் பேசாதீர்கள். இன்னொரு சங்கத்துக்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று அங்கேயே கேளுங்கள். இரண்டு சங்கத்துக்குப் போட்டால் செல்லாது.

நம் ஆட்களிடம் ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. ஊரில் 'ஆர். மீனாட்சி' என்றே எழுதிப் பழகியவர், இங்கே சம்பளப் பட்டியலில் அப்பா பெயரும் ஒட்டி 'மீனாட்சி ராமநாதன்' ஆகியிருப்பார். படிவத்தில் பழக்கதோஷத்தில் இனிஷியலோடு எழுதிவிட்டால், பட்டியலில் அப்படி யாரும் இல்லை என்று டீலிங் கிளார்க் ஓரமாக எடுத்து வைத்துவிடுவார். சம்பளச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெயரையும் ஊழியர் எண்ணையும் எழுத்துக்கு எழுத்து பார்த்து நிரப்பச் சொல்லுங்கள்.

விண்ணப்பத்தோடு சங்கத்தின் அமைப்பு விதிகள், நிர்வாகிகள் பட்டியல், மொத்த உறுப்பினர் எண்ணிக்கை எல்லாம் வைத்து முறையான வழியில் கொடுங்கள். டைரி நம்பர், அதாவது காகிதம் வந்ததைப் பதிவேட்டில் ஏற்றிய எண், வாங்காமல் அந்த அறையை விட்டு வராதீர்கள். டெல்லியில் டைரி நம்பர் இல்லாத காகிதம் காற்றோடு போச்சு.

பணத்தில் ரொம்பக் கவனம். சந்தாவும் அரசு மானியம் ஏதாவது தந்தால் அதுவும் மட்டுமே வரவு. செலவும் சங்க நோக்கத்துக்கு மட்டும், அரசியல் நிதி கூடவே கூடாது. 2023 ஏப்ரலில் அஞ்சல் துறை, என்.எஃப்.பி.இ என்ற பெரிய சம்மேளனத்தின் அங்கீகாரத்தையே ரத்து செய்தது. விவசாயிகள் போராட்டத்துக்கும் வெளி அமைப்புகளுக்கும் பணம் கொடுத்தது விதிமீறல் என்பது துறை சொன்ன காரணம். அது நியாயமா என்று நான் மணிக்கணக்கில் சண்டை போடுவேன், ஆனால் புதிய சங்கத்துக்கு அந்தத் தெம்பு இருக்காது.

தனி ஒருவரின் சர்வீஸ் பிரச்சினையைச் சங்கம் எடுத்துப் பேசக் கூடாது என்பதும் விதி. ஒருவருக்கு 10 வருட எம்.ஏ.சி.பி, அதாவது பிரமோஷன் இல்லாமல் இருப்பவருக்குத் தரும் சம்பள நிலை உயர்வு, தள்ளிப்போகிறதென்றால், 'நம் பிரிவில் நிலுவையில் உள்ள எம்.ஏ.சி.பி கேஸ்கள்' என்று பொதுவாக எழுதுங்கள். பெயர் சொல்லாமலே அவர் காரியமும் நடக்கும்.

ஸ்டிரைக் என்ற வார்த்தையை யோசித்து எடுங்கள். 1964 நடத்தை விதிகளின் 7வது விதி அதைத் தடுக்கிறது. 2003இல் தமிழ்நாட்டில் லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களை ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பியது உங்கள் அம்மா அப்பாவுக்கு நினைவிருக்கும். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அதை எதிர்த்துப் போட்ட வழக்கில்தான்.

அங்கீகாரக் கடிதம் கைக்கு வந்ததும் நோட்டீஸ் போர்டுக்கு இடம் கேளுங்கள். நிர்வாகிகளுக்கு வருடத்தில் 20 நாள் வரை சிறப்புத் தற்செயல் விடுப்பு உண்டு, அதைக் கூட்டத்துக்குப் பயன்படுத்துங்கள், ஊருக்குப் போக இல்லை. தணிக்கை செய்த கணக்கும் உறுப்பினர் பட்டியலும் ஒவ்வொரு வருடமும் ஜூலை 1க்கு முன் நிர்வாகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மார்ச் முடிந்த கையோடு ஆடிட்டரைப் பிடித்துவிடுங்கள், மே மாத வெயிலில் அவர் ஊரிலேயே இருக்க மாட்டார்.