புது வைஃபையில் அம்மாவின் ஸ்பீக்கர்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு மாறினோம். புது வைஃபை வந்ததும் அம்மாவின் ஸ்மார்ட் ஸ்பீக்கர் பேசாமல் போய்விட்டது. காலையில் மின்னல் எஃப்எம் கேட்காவிட்டால் அம்மாவுக்குச் சமையலறையில் கையே ஓடாது. எனக்கும் மனசு கேட்கவில்லை.

அது இன்னும் பழைய வைஃபையையே தேடிக்கொண்டிருந்தது. திரை இல்லாத கருவி, ஆகவே புதுக் கடவுச்சொல்லைக் கைப்பேசிச் செயலி வழியாகத்தான் கொடுக்க வேண்டும். பொத்தானை அழுத்திப் பிடித்தேன், விளக்கு ஆரஞ்சு நிறமானது. சரி, முடிந்தது என்று பார்த்தால் பட்டியலில் எங்கள் வைஃபை பெயரே இல்லை!

ரௌட்டர் அமைப்பைத் திறந்த பிறகுதான் புரிந்தது. அதில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசை மட்டும் ஓடியது. எங்களுடையது பழைய ஸ்பீக்கர், 2.4 மட்டுமே எடுக்கும். 2.4-ஐத் திறந்துவிட்டேன். பெயர் வந்தது, ஆனாலும் இணையவில்லை. அப்புறம் பாதுகாப்பு வகையை டபிள்யூபிஏ3-இலிருந்து டபிள்யூபிஏ2-க்கு மாற்றினேன். உடனே சேர்ந்துகொண்டது. 2.4 அலை சுவர் தாண்டி நன்றாகப் போகும், பின்கட்டுச் சமையலறைக்கு அதுதான் பொருத்தம்.

வீடு மாறுபவர்கள் புது ரௌட்டருக்குப் பழைய பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்து மாறாமல் வைத்துப் பாருங்கள். பெரும்பாலான கருவிகள் தாமாகவே இணைந்துவிடும்.

மறுநாள் விடியற்காலை, தோசைக்கல் சூடாகும் முன்பே வானொலி பாடியது.