ஸ்டேஷன் பெயரை நம்பி மலையேறாதீர்கள்: நீஸைச் சுற்றியுள்ள பழைய ஊர்களும் பட்டறைகளும்

கோடை வந்தால் புதுச்சேரியிலிருந்தும் சென்னையிலிருந்தும் உறவுக்காரர்கள் தென் பிரான்சின் கடற்கரை நகரமான நீஸுக்கு வந்து இறங்குவார்கள். இங்கே குடிவந்த புதிதில் நான் விழுந்த பள்ளங்களிலேயே அவர்களும் ஒருவர் பின் ஒருவராக விழுகிறார்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில் எல்லாம் நான் சொல்லித்தான் எடுத்துப்போவீர்கள் என்றில்லை. அதைத் தாண்டிச் சிலது இருக்கிறது.

ரயில் நிலையத்தின் பெயரை நம்புவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான்.

நீஸுக்கும் மொனாக்கோவுக்கும் நடுவில் ஏஸ் என்று ஒரு மலையூர். கல் பாவிய சந்துகள், உச்சியில் கள்ளிச்செடித் தோட்டம். 1706-இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி இடிக்கச் சொன்ன கோட்டையின் மிச்சமும் அந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 429 மீட்டர். ரயிலில் போனால் இறங்குமிடம் ஏஸ்-சுர்-மேர். அது கடற்கரையில் இருக்கிறது.

போன வருஷம் ஜூலையில் சித்தப்பா குடும்பம் என்னைக் கேட்காமலே கிளம்பிவிட்டது. இறங்கியதும் போன் வந்தது. "ஸ்டேஷன் பேரே ஏஸ்னுதானேப்பா போட்டிருக்கு? மேல போற வழியும் இருக்கு, ஏதோ நீட்சே பாதையாம். வீடியோல பார்த்தோம், அழகா இருந்துது." மணி பதினொன்றரை. பஸ் வரும் வரை நிழலில் உட்காருங்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் லைன் போய்விட்டது.

ஜெர்மன் தத்துவஞானி நீட்சேயின் பெயரைத் தாங்கிய அந்தப் பாதை முழுக்கப் படியும் சரளைக்கல்லும்தான். நல்ல காலுள்ளவர்களுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுப்பகலில் நிழல் என்று பேருக்குத்தான். பாதி வழியில் சித்திக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. டாக்சியைக் கூப்பிடலாம் என்றால் அது ஒற்றையடிப் பாதை, வண்டி எங்கே வரும்? படிக்குப் படி உட்கார்ந்து உட்கார்ந்து கீழே இறங்கி, டாக்சி பிடித்து நீஸுக்கே திரும்பினார்கள். மேலே ஹோட்டலில் முன்பணம் கட்டிப் பதிந்திருந்த சாப்பாடும் போச்சு, சாயங்காலம் போகவிருந்த கண்ணாடிப் பட்டறையும் போச்சு. மறுநாள் சித்தி வீட்டை விட்டு நகரவில்லை. வீடியோ போடுகிறவர்கள் உச்சியிலிருந்து தெரியும் கடலைக் காட்டுகிறார்களே தவிர, ஏறி வந்த படியைக் காட்டுவதில்லை.

இந்த ஊர்கள் கடல்வழி வந்த கொள்ளைக்காரர்களுக்கு அஞ்சி மலைமேல் போய் உட்கார்ந்தவை. ரயில் பாதை 1860களில் கடலை ஒட்டி வந்தது. அதனால்தான் ஊர் ஓரிடம், அதன் பெயர் தாங்கிய நிலையம் வேறிடம். ஏஸ் மட்டும் என்றில்லை. பியோட் ஸ்டேஷனிலிருந்து பியோட் ஊர் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். மண்பாண்டத்துக்குப் பேர்போன வலோரிஸுக்கு கோல்ஃப்-ஜுவானில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். சேன்-போல்-த-வான்ஸ் என்ற மலையூருக்கு ரயிலே கிடையாது.

ஏஸுக்கு நீஸிலிருந்து நடு மலைச்சாலை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறுங்கள். அது ஊர் வாசலிலேயே விடும். கீழ்ச்சாலை பஸ் மறுபடி கடற்கரைக்குத்தான் கொண்டுபோகும், ஆகவே ஏறும்போதே "ஏஸ் வில்லாழ்" (மலைமேல் இருக்கும் ஏஸ் ஊர்) என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நீட்சே பாதையில் நடந்தே தீர வேண்டுமா? முழங்கால் சரியாக இருந்தால், மழை இல்லாத நாளில், மேலிருந்து கீழே இறங்கி ரயில் பிடியுங்கள். கடல் முழுக்கக் கண்ணெதிரே இருக்கும்.

மதியம் பன்னிரண்டரைக்குப் பட்டறைக்குப் போவது

சாப்பிடப் போயிருப்பார்கள்.

பியோட்டில் ஊதிக்கொண்டிருக்கும் கோப்பையையே விலை கேட்பது

பியோட்டின் குமிழிக் கண்ணாடி 1956-இல் எலுவா மொனோ என்பவர் தொடங்கிய பட்டறையால் பேர் பெற்றது. குழாய் நுனியில் தேன்பாகு போலத் தொங்கும் கண்ணாடி உருண்டையின் மேல் சோடாத்தூள் படும். அதன்மேல் இன்னொரு கண்ணாடிப் பூச்சு. சூட்டில் சோடாவிலிருந்து வாயு கிளம்புகிறது, வெளியேற வழியில்லாமல் இரண்டுக்கும் நடுவில் முத்து முத்தாக மாட்டிக்கொள்கிறது. வடிவம் வந்ததும் கோப்பை மெதுவாக ஆறவைக்கும் உலைக்குள் போய்விடும். சட்டென்று ஆறினால் விரிசல் விடும். எனவே கண்முன்னே செய்த கோப்பையை அன்றைக்கே கையில் வாங்க முடியாது. அலமாரியில் இருப்பதில் ஒன்றைப் பாருங்கள்.

இந்தப் பட்டறை மலையடிவாரத்தில் இருக்கிறது. ஊருக்குள் ஏறிப்போய்த் தேடாதீர்கள். கடற்கரைக் கடைகளிலும் "பியோட்" கண்ணாடி விற்கிறார்கள். அடியைத் திருப்பிப் பட்டறை முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். வாங்குவதை நாளின் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பையோடு கல்படி ஏறியவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த சில்லுகளை நான் பார்த்திருக்கிறேன்.

கிராஸில் டிசம்பரில் பூ தேடுவது

வாசனைத் திரவியத்துக்குப் பேர்போன ஊர்தான். அந்தக் கைத்திறனை 2018-இல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்த்தது. ஆனால் ரோஜா மே மாதத்தில், மல்லிகை ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. தோட்டங்களும் ஊருக்குள் இல்லை, பெகோமாஸ் பக்கம் போக வேண்டும். குளிர்காலத்தில் வந்தால் தொழிற்கூடமும் அருங்காட்சியகமும் பார்க்கலாம், பூவைக் காகிதப் பட்டையில் முகர்ந்துகொள்ளலாம். அந்தப் பட்டையை மூக்கருகே கொண்டுபோனதும் அத்தை, "இது நம்ம ஜாதிமல்லி!" என்றார். அதே இனம்தான். சத்தியமங்கலம் பக்கம் விளையும் ஜாதிமல்லியின் சாறும் உலக வாசனைத் திரவியத் தொழிலுக்குப் போகிறது.

கேட்காமல் படம் எடுப்பது

சக்கரத்தில் பானை வனைகிறவரால், மண் ஏறியிருக்கும் கையை முகத்துக்குக் குறுக்கே தூக்க முடியாது. கேளுங்கள்.

பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போவது

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். படிவம் போடக் கடைக்காரருக்கு பாஸ்போர்ட் வேண்டும். துபாய் வழியாக ஊர் திரும்புகிறவர்கள், பெட்டியைக் கவுன்ட்டரில் போடுவதற்கு முன்பே நீஸ் விமான நிலையத்தில் உள்ள இயந்திரத்தில் படிவத்தை ஸ்கேன் செய்துவிடுங்கள். சென்ட் பாட்டில் பெட்டிக்குள்ளே போகட்டும், கைப்பையில் வேண்டாம்.