மொய் நோட்டிலிருந்து உறவு வலையை வரைவது எப்படி?

சமூக வலைப்பின்னல் என்றதும் கைப்பேசிச் செயலிகள்தாம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் யார் யாரோடு தொடர்பில் இருக்கிறார்கள் என்று காட்டும் பதிவேடு ஒன்று நம் வீட்டுப் பீரோவிலேயே கிடக்கிறது. கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ எழுதிய மொய் நோட்டையும் ஒரு பெரிய வெள்ளைத் தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துக்கு இரண்டு பெயராக நாற்பது பெயர்களைத் தேர்ந்து, ஆளுக்கொரு புள்ளி வையுங்கள். நம் வீட்டு விசேஷம் இல்லாவிட்டாலும் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் போவார் என்றால் மட்டும் இருவருக்கும் இடையே கோடு போடுங்கள். மனிதரைப் புள்ளியாகவும் உறவைக் கோடாகவும் வரையும் இம்முறையை மனநல மருத்துவர் ஜேக்கப் மொரீனோ 1934-இல் வெளியிட்ட நூலில் காணலாம்.

கவனம் தேவைப்படும் இடம் இனிமேல்தான். நோட்டில் "ஆண்டிபட்டி" என்று ஊரும் ஓர் ஆணின் பெயரும் எதிரே 501 ரூபாயும் இருக்கும். அம்மாவிடம் கேட்டால், அவருடைய மனைவியும் தானும் ஒரே சத்துணவுக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள் என்பார். பெயர் கணவருடையது, பழக்கம் மனைவியுடையது. அத்தகைய புள்ளிகளுக்கு அந்தப் பெண்ணின் பெயரையே எழுதுங்கள்; இல்லையேல் வலையில் பாதி பொய்யாகிவிடும்.

தொகையை வைத்து நெருக்கத்தை அளக்க வேண்டாம். இன்று வந்த 5,001 ரூபாய், முன்பு நாம் செய்த 2,501-க்குக் கூட்டி வைத்த பதில் மொய்யாக இருக்கலாம்.

பிறகு ஒவ்வொரு புள்ளியையும் விரலால் மறைத்துப் பாருங்கள். திருப்பூரில் வாழ்க்கைப்பட்ட அத்தையை மறைத்ததும் அந்த ஊர்க்காரர் அத்தனை பேரும் தனித்தீவாகப் பிரிந்துவிட்டால், அவர்தான் உங்கள் பாலம். பாஸ்டனை ஒட்டிய நியூட்டன் நகரில், அறிமுகமானவர் மூலம் வேலை பெற்றவர்களை விசாரித்த அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், அவர்களில் பெரும்பாலோருக்குத் தகவல் தந்தவர் எப்போதாவது சந்திக்கும் ஒருவரே என்று 1973-இல் எழுதினார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் முன்பே தெரிந்திருக்கும். அத்தையின் எதிர்வீட்டுக்காரருக்குத் தெரிந்தது அப்படியன்று.

கடைசியாக, நோட்டில் இல்லாதவர்களையும் அம்மாவிடம் கேட்டு வேறு மையில் சேர்த்துக்கொள்ளுங்கள். மொய் எழுத வசதியில்லாமல், முதல் பந்தியிலிருந்து கடைசிப் பந்திவரை நின்று பரிமாறியவர்கள் அந்தப் பட்டியலில் இருப்பார்கள்.