வீட்டிலேயே ஹெட்போனின் ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸை அளப்பது எப்படி?

"பேஸ் தூக்கலா இருக்கு", "குரல் பின்னாடி போயிடுது" என்று ஹெட்போனைப் பற்றி வாயால் பேசிக்கொண்டிருப்பது ஒரு வகை. அதையே ஒரு கோடாக வரைந்து பார்ப்பது இன்னொரு வகை. 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு அதிர்வெண்ணையும் ஹெட்போன் எவ்வளவு சத்தமாகத் தருகிறது என்று காட்டும் அந்தக் கோடுதான் ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸ். ஒரு மைக், ஒரு கணினி, இலவச மென்பொருள் ஒன்று, கொஞ்சம் மரவேலை. இவ்வளவு இருந்தால் அளந்துவிடலாம்.

ஆசையைக் கொஞ்சம் அடக்கிவிட்டுத் தொடங்குவது நல்லது. ஆய்வுக்கூடங்களில் ஐ.இ.சி. 60318-4 என்ற சர்வதேசத் தரப்படி செய்த செயற்கைக் காதுகளை வைத்து அளக்கிறார்கள். அந்தக் கருவி தரும் வளைவை வீட்டு மேசையில் அப்படியே வரவழைக்க முடியாது. ஆனால் இன்று எடுத்த கோடும் அடுத்த வாரம் எடுக்கும் கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிகிற அளவுக்கு ஒழுங்காக அளக்க முடியும். அது கைகூடிவிட்டால் இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடலாம். இடது, வலது பக்கங்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கலாம். தேய்ந்த இயர்பேடு (காதில் படும் மெத்தை) என்ன செய்கிறது, போட்ட ஈக்யூ (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் திருத்தம்) உண்மையில் வேலை செய்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

தேவையானவை

முதலில் மைக். எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி கேட்கும் அளவீட்டு மைக் வேண்டும். மினிடிஎஸ்பி யூமிக்-1 போன்ற யூஎஸ்பி மைக் என்றால் தனி சவுண்ட் கார்டு தேவையில்லை. ஒவ்வொரு மைக்குக்கும் அதன் வரிசை எண்ணுக்கு ஏற்ற கேலிபரேஷன் கோப்பு, அதாவது அந்த மைக்கின் சொந்தப் பிழையைத் திருத்தும் கோப்பு, கிடைக்கும். அதைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பாடப் பயன்படும் மைக்கும் போனில் உள்ள மைக்கும் இதற்கு ஆகாது. போன் மைக்கில் இரைச்சலைக் குறைக்கும் வடிகட்டல்கள் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும்.

மென்பொருளுக்கு ரூம் ஈக்யூ விசார்ட், சுருக்கமாக ஆர்.ஈ.டபிள்யூ. அறையின் ஒலியை அளக்க எழுதப்பட்டது என்றாலும் ஹெட்போனுக்கும் அருமையாகப் பொருந்தும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

பிறகு ஒரு தட்டையான பலகை. இயர்பேடைவிட எல்லாப் பக்கமும் சில சென்டிமீட்டராவது பெரியதாக இருக்கட்டும். மேற்பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பான மரத்தில் பேடுக்கு அடியில் காற்று கசியும். அதோடு, போஸ்டர் ஒட்டப் பயன்படும் பசைக்களிம்பு கொஞ்சம் வேண்டும்.

பலகையைத் தயார் செய்தல்

பலகையின் நடுவில் மைக்கின் முனை இறுக்கமாக நுழையும் அளவுக்கு ஒரு துளை போடுங்கள். பின்பக்கமிருந்து மைக்கைச் செருகி, அதன் முனை பலகையின் முகத்தோடு சமமாக நிற்கும்படி வையுங்கள். வெளியே துருத்தவும் கூடாது, உள்ளே போய்விடவும் கூடாது. சுற்றி இருக்கும் இடைவெளியைப் பின்பக்கத்தில் பசைக்களிம்பால் அடைத்துவிடுங்கள்.

இனி ஹெட்போன் இந்தப் பலகையை எவ்வளவு அழுத்தத்தோடு பிடிக்கிறது என்பது முக்கியம். தலையில் மாட்டும்போது இரண்டு கப்புகளுக்கும் நடுவே ஏறக்குறைய 15 செ.மீ. அகலம் இருக்கும். அதே தூரத்தில் இன்னொரு பலகையை இணையாக நிறுத்தி, இரண்டையும் ஒரு அடிக்கட்டையில் பொருத்துங்கள். ஹெட்போனை ஒரு பலகைமீது சும்மா சாய்த்து வைத்து அளப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அளவில் பேஸ் பகுதியை நம்பவே வேண்டாம்.

காதுக்குள் செருகும் இயர்போன் என்றால் பலகை வேண்டாம். இயர்டிப் இறுக்கமாக உட்காரும் அளவுள்ள சிலிக்கான் குழாய்த் துண்டை எடுத்து, ஒரு முனையில் மைக்கையும் மறுமுனையில் இயர்போனையும் காற்றுப் புகாமல் செருகுங்கள். இயர்போனின் வாய்க்கும் மைக்குக்கும் நடுவே 2 செ.மீ.க்குச் சற்று அதிகமாக இருந்தால் 8 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒரு கூர்மையான மேடு தெரியும். அது இயர்போனின் குணமல்ல, குழாயின் ஒத்ததிர்வு. தூரத்தைக் கூட்டிக் குறைத்தால் மேடும் நகரும். எல்லா இயர்போன்களையும் அந்த மேடு ஒரே இடத்தில் வரும்படி செருகி அளந்தால்தான் ஒப்பிட முடியும்.

கணினி அமைப்பு

இயங்குதளத்தில் ஒலியை 'மெருகேற்றும்' வசதிகள் எதுவும் இயங்கக் கூடாது. ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ், ஸ்பேஷியல் சவுண்ட், மைக்கின் தானியங்கி லெவல், இரைச்சல் நீக்கம், ஈக்யூ செயலி என எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். உள்ளீடு, வெளியீடு இரண்டையும் 48,000 ஹெர்ட்ஸில் வையுங்கள்.

ஆர்.ஈ.டபிள்யூவில் ப்ரெஃபரன்சஸ் பகுதிக்குப் போய் எது மைக், எது ஹெட்போன் என்று தேர்ந்தெடுத்து, கேலிபரேஷன் கோப்பை ஏற்றுங்கள். 0 டிகிரி, 90 டிகிரி என்று இரண்டு கோப்புகள் இருந்தால், ஹெட்போனில் ஒலி எழுப்பும் பகுதியான டிரைவரை மைக் நேருக்கு நேர் பார்ப்பதால் 0 டிகிரி கோப்பு போதும்.

ஹெட்போன் எந்த வெளியீட்டிலிருந்து ஓடுகிறது என்பதும் கவனிக்க வேண்டியதே. பல டிரைவர்கள் உள்ள இயர்போன்களின் மின்தடை அதிர்வெண்ணுக்கு ஏற்ப மேலும் கீழும் போகும். ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு மின்தடை அதிகமாக இருந்தால் கோட்டின் வடிவமே மாறிவிடும். ஹெட்போனின் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும் என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு.

ஸ்வீப் ஓடவிடுதல்

தாழ்ந்த அதிர்வெண்ணில் தொடங்கி உயர்ந்ததுவரை இடைவிடாமல் ஏறும் சோதனை ஒலிதான் ஸ்வீப். ஃபேன், ஏசி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மேசையில் கணினியின் விசிறி அதிர்ந்தால் பலகைக்கு அடியில் ஒரு மடித்த துண்டைப் போடுங்கள். வீட்டு இரைச்சலில் பெரும்பகுதி 100 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் இருக்கும், அது கோட்டின் இடது முனையைக் குலைக்கும்.

மெஷர் பொத்தானை அழுத்தி, தொடக்கம் 20, முடிவு 20,000, லெவல் -12, நீளம் 512கே என்று கொடுங்கள். இந்த நீளத்தில் ஸ்வீப் 11 விநாடி அளவுக்கு ஓடும். நீண்ட ஸ்வீப் இரைச்சலை நன்றாக அமுக்கும். ஒலியளவைக் குறைவாக வைத்துத் தொடங்கி, செக் லெவல்ஸ் பொத்தானால் பார்த்து ஏற்றிக்கொள்ளுங்கள். மைக் லெவல் உச்சத்தைத் தொடாமல் 10 டெசிபலாவது இடம் விட்டிருக்க வேண்டும். ஸ்வீப் ஓடும்போது ஹெட்போனைக் காதில் வைக்காதீர்கள்.

ப்ளூடூத் ஹெட்போனில் ஒலி தாமதமாக வருவதால் சில நேரம் அளவீடு குழம்பும். வயர் போட்டு அளந்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் பல வயர்லெஸ் ஹெட்போன்களில் வயர் போட்டதும் உள்ளே இருக்கும் ஒலித்திருத்தம் ஓய்ந்துவிடும். வயரில் வருவது வேறு கோடு, ப்ளூடூத்தில் வருவது வேறு கோடு. நீங்கள் எப்படிக் கேட்கிறீர்களோ அப்படியே அளப்பதுதான் சரி. இரைச்சல் நீக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டு ஒன்று, அணைத்து ஒன்று எடுங்கள். கழற்றியதும் பாட்டை நிறுத்தும் உணரி இருந்தால் செயலியில் முதலில் அதை முடக்குங்கள்.

கோட்டை நம்பலாமா?

முதல் கோடு வந்ததும் அதைப் படிக்க உட்கார்ந்துவிடாதீர்கள். முதலில் எதையும் தொடாமல், மூச்சுக்கூடப் படாமல், இன்னொரு ஸ்வீப் எடுங்கள். இரண்டும் ஒரே கோடாகத் தெரிய வேண்டும். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் விலகினால் அறை இரைச்சல். எல்லா இடத்திலும் விலகினால் எங்கோ ஒரு தானியங்கி லெவல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்து, கப்பை விரலால் லேசாகப் பலகையோடு அழுத்திப் பிடித்தபடி ஒரு ஸ்வீப். பேஸ் சட்டென்று ஏறினால் இதுவரை காற்று கசிந்துகொண்டிருந்தது என்று அர்த்தம். மூடிய கப் உள்ள ஹெட்போன்களில் இந்தக் கசிவு எவ்வளவு கெடுக்கும் என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. பேடுக்கும் பலகைக்கும் நடுவே மூக்குக் கண்ணாடியின் காதுக்கம்பியை வைத்து அளந்து பாருங்கள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே கோடு சரிந்துகொண்டே போகும். கண்ணாடி போடுபவர் தன் ஹெட்போனில் பேஸே இல்லை என்று சொன்னால் அவர் காதைக் குறை சொல்ல முடியாது.

மூன்றாவது சோதனைதான் வேலையின் மையம். ஹெட்போனை முழுதாகக் கழற்றி, மறுபடி மாட்டி, ஸ்வீப். திரும்பக் கழற்றி, சற்று முன்னால் தள்ளி மாட்டி, ஸ்வீப். இப்படி ஐந்தாறு கோடுகள் சேர்ந்ததும் எல்லாவற்றையும் ஒரே படத்தில் பாருங்கள். 200 ஹெர்ட்ஸ் முதல் 2 கிலோஹெர்ட்ஸ் வரை எல்லாம் ஒரு கயிறாகத் திரண்டிருக்கும். 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே நூல் பிரிந்து, ஒரே இடத்தில் பல டெசிபல் வித்தியாசம்கூடத் தெரியும். 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் வெறும் 3.4 செ.மீ. கப் ஒரு விரல்கடை நகர்ந்தாலே அலைகள் கூடும் இடமும் குலையும் இடமும் மாறிவிடுகின்றன. எங்கே கோடுகள் பிரிகின்றனவோ அதற்கு மேல் உங்கள் அளவீட்டில் உள்ள மேடு பள்ளங்களைப் பற்றி அடித்துப் பேச வேண்டாம். எல்லாக் கோடுகளின் சராசரியை எடுத்து அதையே அந்த ஹெட்போனின் அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பது

நீளவாட்டில் 20 முதல் 20,000 வரை, உயரவாட்டில் 50 டெசிபல். இந்த அளவை எல்லாப் படங்களுக்கும் மாற்றாமல் வைத்திருங்கள். உயரத்தை 100 டெசிபலாக விரித்தால் மலையும் சமவெளியாகத் தெரியும். கோட்டின் சிறு நெளிவுகளை வழவழப்பாக்கும் ஸ்மூத்திங் 1/12 ஆக்டேவ் போதும் (அதிர்வெண் இரு மடங்கானால் ஒரு ஆக்டேவ்). 1/3 போட்டால் படம் அழகாக இருக்கும், தகவல் போய்விடும். இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது 500 ஹெர்ட்ஸில் இரண்டையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

புதியவர்கள் திகைக்கும் இடம் ஒன்று உண்டு. இணையத்தில் அதே ஹெட்போனுக்கு இருக்கும் படத்தில் 3 கிலோஹெர்ட்ஸ் அருகே பெரிய மேடு இருக்கும், உங்கள் படத்தில் அது தாழ்ந்திருக்கும். மனிதக் காதுக்குழாய் ஏறக்குறைய 2.5 செ.மீ. நீளம். ஒரு பக்கம் செவிப்பறையால் மூடியிருப்பதால் 3 கிலோஹெர்ட்ஸ் அக்கம்பக்கத்தில் அது ஒலியைத் தானே பெருக்குகிறது. செயற்கைக் காதில் அந்தக் குழாய் உண்டு, உங்கள் பலகையில் இல்லை. ஹெட்போன் இப்படி ஒலித்தால் நன்று என்று காட்டும் ஹார்மன் டார்கெட் போன்ற இலக்குக் கோடுகளும் செயற்கைக் காதை வைத்து உருவானவை. ஆகவே பலகையில் எடுத்த கோட்டின்மேல் அவற்றைப் போட்டு "இங்கே 6 டெசிபல் குறை" என்று சொல்வது செல்லாது.

இடைவெளியை ஓரளவு நிரப்ப ஒரு வழி இருக்கிறது. செயற்கைக் காதில் நம்பகமாக அளந்து வெளியிடப்பட்ட ஹெட்போன் ஒன்று உங்களிடம் இருந்தால், அதை உங்கள் பலகையில் அளங்கள். வெளியிடப்பட்ட கோட்டிலிருந்து உங்கள் கோட்டைக் கழித்தால் ஒரு திருத்தக் கோடு கிடைக்கும். ஆர்.ஈ.டபிள்யூவில் ஆல் எஸ்பிஎல் பகுதியில் ஒரு கோட்டை இன்னொன்றால் வகுக்கும் வசதி இதற்குத்தான் உதவும். டெசிபலில் வகுத்தல் என்றால் கழித்தல். இந்தத் திருத்தம் அதே வகை ஹெட்போனுக்குத்தான் ஓரளவு பொருந்தும். திறந்த கப்புக்கு எடுத்ததை மூடிய கப்புக்கும், காதைச் சுற்றி உட்காருவதற்கு எடுத்ததைக் காதின்மேல் உட்காருவதற்கும் போடாதீர்கள்.

அளந்ததை வைத்து ஈக்யூ போடப் போகிறீர்கள் என்றால், கோடுகள் திரண்டு நின்ற பகுதியில் மட்டும் கை வையுங்கள். அகலமான, மென்மையான திருத்தங்கள். ஈக்யூ போட்டபின் ஹெட்போனைக் கழற்றாமல் அதே இருப்பில் மறுபடி ஒரு ஸ்வீப் எடுத்து, கேட்ட அளவுக்குத்தான் நகர்ந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். கோப்பைச் சேமிக்கும்போது ஹெட்போன் பெயரோடு பேடு புதிதா பழையதா, எந்தப் பக்கம், வயரா ப்ளூடூத்தா, என்ன தேதி என்பதையும் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.